ஃபர்னஸ் மாற்ற வேண்டும்: தனியாகத் தொழில் செய்பவரிடம் கொடுக்கலாமா?

கொன்றைப்பூ | அக்டோபர் 14, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்ஸ்மியர் வீதிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1960களில் கட்டிய பங்களா. மேல்தளம் 1,150 சதுர அடி, கீழே பேஸ்மென்ட். வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் வாங்கும்போதே இருந்தது, 1998ஆம் ஆண்டுடையது. சென்ற பங்குனியில் இரண்டு தடவை நின்றுபோனது. திருத்த வந்தவர், வெப்பமாற்றியில் துரு ஏறிவிட்டது, அடுத்த குளிருக்கு இதை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. அவர்கள் படுக்கும் அறைக்கும் ஃபர்னஸ் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பனி விழுமுன் மாற்றியாக வேண்டும்.

மூன்று விலை வந்திருக்கிறது.

முதலாவது, தொலைபேசியில் அழைத்த ஒரு நிறுவனம். முற்பணம் எதுவும் வேண்டாம், மாதம் 89 டொலர் வாடகை, பத்து ஆண்டு, பழுது வந்தால் எல்லாம் தாங்களே பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, நடுத்தர அளவில் உள்ள ஒரு நிறுவனம். விற்பனையாளர் வந்து பழைய ஃபர்னஸின் தகட்டில் பிடியு கணக்கில் எழுதியிருந்த வெப்ப அளவைப் பார்த்தார், "ஒரு லட்சம் பிடியு, அதையே போடுகிறோம்" என்றார். 4,600 டொலரும் எச்எஸ்டி என்ற விற்பனை வரியும். பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

மூன்றாவது, என் கணவரின் நண்பருக்குத் தெரிந்த ஒருவர். கிழமை நாட்களில் ஒரு நிறுவனத்தில் ஃபர்னஸ் பூட்டுகிற வேலை. சனிக்கிழமைகளில் தனியாகச் செய்து கொடுக்கிறார். 3,200 டொலர், காசாக, ரசீது இல்லாமல். நல்ல பிள்ளை, பத்து ஆண்டு அனுபவம் என்கிறார்கள்.

கணவருக்கு மூன்றாவதில்தான் விருப்பம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. தனியாளிடம் இந்த வேலையைக் கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மானிப்பாயான் | அக்டோபர் 14, இரவு 10.15

தங்கச்சி, யோசிக்காமல் மூன்றாவது ஆளிடம் கொடுங்கள். எங்கள் வீட்டு ஃபர்னஸை 2010இல் மாற்றினேன். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன்தான் பூட்டினான். காலை எட்டு மணிக்கு வந்தான், பின்னேரம் மூன்று மணிக்கு வீடு சூடாகிவிட்டது. 15 ஆண்டாக ஒரு குறையும் இல்லை. பெரிய நிறுவனம் வாங்குகிற காசில் பாதி விளம்பரத்துக்கும் விற்பனையாளரின் தரகுக்கும் போகிறது. வந்து வேலை செய்பவன் எங்கே போனாலும் ஒருவன்தான். இடையில் நிற்பவர்களுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

பிராம்டன் வாசன் | அக்டோபர் 14, இரவு 11.02

முதலாவதை இன்றிரவே மறந்துவிடுங்கள். 89 டொலர் வீதம் 120 மாதம் என்றால் 10,680. எச்எஸ்டி சேர்த்தால் 12,068. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் ஆண்டுக்கு ஆண்டு வாடகை ஏறும் என்றும் இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017இல் கதவைத் தட்டி வந்த இருவரிடம் அப்பா கையெழுத்திட்டுவிட்டார். ஃபர்னஸ் ஒன்று, தண்ணீர் வடிகட்டி ஒன்று. ஐந்து ஆண்டு கழித்து வீட்டை விற்கப் போனபோது வழக்கறிஞர் அழைத்தார். காணிப் பதிவில் எங்கள் வீட்டின் மேல் அந்த நிறுவனம் ஒரு உரிமை அறிவித்தல் போட்டிருந்தது. அதை நீக்க அவர்கள் கேட்ட தொகை, அந்த இரண்டு பொருளையும் புதிதாக இரண்டு தடவை வாங்கக்கூடிய தொகை. வீடு கைமாறும் நாள் நெருங்கிவிட்டதால் கொடுத்தோம். அன்று அப்பாவின் முகத்தை நான் பார்க்கவே முடியவில்லை.

2018 மார்ச் 1 முதல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அழைக்காமல் கதவடிக்கு வந்து ஃபர்னஸ், நீர்ச்சூடாக்கி விற்பது சட்டப்படி தடை. 2024 ஜூனில் அந்தக் காணிப் பதிவு அறிவித்தலையும் நுகர்வோர் பொருட்களுக்குத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் பதிவு போனாலும் ஒப்பந்தத்தில் உள்ள கடன் தானாகப் போவதில்லை. தொலைபேசியில் அழைப்பவர்களிடம் வீட்டு முகவரியைக்கூடச் சொல்லாதீர்கள்.

நீலச்சுவாலை | அக்டோபர் 15, காலை 6.20

வேலைக்குக் கிளம்புமுன் எழுதுகிறேன். நான் ஜி2 என்ற எரிவாயு வேலைச் சான்றிதழ் உள்ள தொழில்நுட்பர். ஏஜாக்ஸில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். நானும் ஒரு தம்பியும் மட்டும். ஆகவே தனியாளிடம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா, உங்கள் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு விடை இருக்கிறது.

ஒன்ராறியோவில் இரண்டு வேறு வேறு தகுதிகள் உண்டு. ஒன்று ஆளுக்கு உரியது. ஜி3 என்றால் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம். ஜி2 என்றால் 400,000 பிடியு வரையுள்ள கருவிகளில் தனியே வேலை செய்யலாம். மற்றது தொழிலுக்கு உரியது. எரிவாயு வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்பவர் யாராக இருந்தாலும், ஒரே ஆளாக இருந்தாலும், டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையத்தில் ஒப்பந்தக்காரராகப் பதிந்திருக்க வேண்டும். உங்கள் மூன்றாவது ஆள் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். அவரிடம் இருப்பது முதல் தகுதி மட்டும். கிழமை நாட்களில் அவரது முதலாளியின் பதிவின் கீழ் வேலை செய்கிறார். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தப் பதிவும் இல்லை, அதனோடு வரும் காப்புறுதியும் இல்லை.

காசாகக் கொடுத்து ரசீது வாங்காவிட்டால் இன்னொன்றும் போகிறது. பல உற்பத்தியாளர்கள் பூட்டிய 60 அல்லது 90 நாளுக்குள் பதிந்தால்தான் உதிரிப்பாகங்களுக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பதியாவிட்டால் ஐந்து. அந்தப் பதிவுக்கு யார் பூட்டினார், எப்போது பூட்டினார் என்று காட்ட வேண்டி வரும். சேமித்த எச்எஸ்டியை, பழுதான ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றும் செலவே விழுங்கிவிடும்.

டிஎஸ்எஸ்ஏ இணையதளத்தில் பதிவு பெற்ற எரிவாயு ஒப்பந்தக்காரர்களைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. யாரை அழைத்தாலும் முதலில் பெயரை அங்கே போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இரண்டாவது விலையைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. மாலையில் வந்து எழுதுகிறேன். இடையில் ஒரு கேள்வி: உங்கள் நீர்ச்சூடாக்கி எந்த வகை? அதன் தலையிலிருந்து தகரக் குழாய் புகைபோக்கிக்குப் போகிறதா?

மானிப்பாயான் | அக்டோபர் 15, காலை 8.05

தம்பி, பதிவு, காகிதம் எல்லாம் சரிதான். ஆனால் காகிதம் உள்ளவன் எல்லாம் நல்லவன் என்றும் இல்லையே. வாசன் சொன்ன நிறுவனத்திடம் எல்லாக் காகிதமும் இருந்திருக்கும்.

மழைத்துளி | அக்டோபர் 15, நண்பகல் 12.30

மானிப்பாயான் அண்ணா, காகிதத்தை விடுங்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

மிசிசாகாவில் எங்கள் பழைய வீட்டில் 2013 மாரியில் ஃபர்னஸ் மாற்றினோம். தெரிந்த ஒருவர், காசு வேலை. வீடு நன்றாகச் சூடாகியது, எங்களுக்குப் பெரிய திருப்தி. தைப்பொங்கல் அன்று அதிகாலையில் எழுந்து சமையலறையில் வேலை. அடுப்பின் மேல் விசிறியை முழு வேகத்தில் விட்டிருந்தேன். கீழே உடுப்புக் காயவைக்கும் இயந்திரமும் ஓடியது. விருந்தினர் வரப்போகிறார்கள் என்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். பொங்கல் பொங்குகிற நேரத்தில், கார்பன் மோனொக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டால் ஒலிக்கும் அலாரம் அலறியது. அதன் மின்கலம்தான் போய்விட்டது என்று நினைத்து நான் அதைக் கழற்றப் போனேன். மூத்த மகள் "அம்மா, தலை சுற்றுகிறது" என்றதும்தான் எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு ஓடினேன். வெறுங்காலோடு பனியில் நின்று 911ஐ அழைத்தோம்.

தீயணைப்புப் படையினர் அளந்தார்கள். எரிவாயு நிறுவனத்தின் ஆள் வந்து சிவப்புச் சீட்டு ஒட்டி எரிவாயுவை நிறுத்தினார். காரணம் புதிய ஃபர்னஸ் இல்லை. அதற்குப் பக்கத்தில் நின்ற பழைய நீர்ச்சூடாக்கி. ஃபர்னஸை மாற்றியவர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அவரை அழைத்தபோது எண்ணை மாற்றிவிட்டிருந்தார்.

அந்த அலாரம் அங்கே இருந்ததால்தான் இன்று எழுதுகிறேன். 2008 டிசம்பரில் வூட்ஸ்டாக்கில் புகைபோக்கி அடைபட்டுத் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்தது. அதன்பிறகுதான் அந்தக் குடும்பத்தின் பெயரில் ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் 2013இல் வந்தது. அவர்கள் வீட்டில் அலாரம் இருக்கவில்லை. கொன்றைப்பூ, அந்தக் கைக்குழந்தை படுக்கும் அறைக்கு வெளியே அலாரம் இருக்கிறதா என்று இப்போதே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

கொன்றைப்பூ | அக்டோபர் 15, நண்பகல் 1.10

வாசித்ததும் கை நடுங்கியது. பேஸ்மென்டில் இருந்த அலாரத்தின் பின்புறத்தைப் பார்த்தேன், 2016 என்று இருக்கிறது. காலாவதியாகி விட்டது. புதிது இரண்டு வாங்கக் கணவர் கடைக்குப் போகிறார்.

நீலச்சுவாலை தம்பி, நீர்ச்சூடாக்கி 50 கலன் தொட்டி, வாடகைக்கு எடுத்தது. அதன் தலையிலிருந்து தகரக் குழாய் மேலே போய், ஃபர்னஸின் குழாயோடு சேர்ந்து செங்கல் புகைபோக்கிக்குள் போகிறது.

நீலச்சுவாலை | அக்டோபர் 15, இரவு 8.45

நினைத்தேன். மழைத்துளி அக்காவின் வீட்டில் நடந்ததும் இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் 1998 ஃபர்னஸ் 80 விழுக்காடு திறன் உள்ளது. எரிவாயுவின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு புகையோடு போகிறது. அந்தச் சூடான புகைதான் செங்கல் புகைபோக்கியைக் குளிர்காலம் முழுவதும் வெதுவெதுப்பாக வைத்திருந்தது. வெதுவெதுப்பான புகைபோக்கி இழுக்கும். நீர்ச்சூடாக்கியின் புகையும் அதே இழுப்பில் மேலே போனது. நீர்ச்சூடாக்கிக்கு விசிறி கிடையாது, அந்த இழுப்பை நம்பித்தான் அது வேலை செய்கிறது.

2019 ஜூலை முதல் கனடாவில் விற்பனைக்கு வரும் எரிவாயு ஃபர்னஸ் 95 விழுக்காடு திறனுக்குக் குறையக்கூடாது. அது புகைபோக்கிக்குப் போவதே இல்லை. பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவர் வழியே வெளியேறும். அப்போது அந்தப் பெரிய செங்கல் புகைபோக்கியில் நீர்ச்சூடாக்கி மட்டும் தனித்து நிற்கும். எங்கள் தொழிலில் இதை அநாதையாகிப்போன நீர்ச்சூடாக்கி என்போம். அதன் சிறிய புகை குளிர்ந்த பெரிய கூண்டுக்குள் போய்ப் பாதி வழியில் ஆறிவிடும். ஈரம் செங்கல்லில் படிந்து உள்ளிருந்தே அரிக்கும். போதாததற்கு மேலே சமையலறை விசிறியும் உடுப்பு உலர்த்தியும் காற்றை வெளியே தள்ளினால், வீடு அந்தக் காற்றைப் புகைபோக்கி வழியாகவே உள்ளே இழுக்கும். புகை கீழே திரும்பும். தாளித்து வதக்குகிற நம் வீடுகளில் அந்த விசிறி எவ்வளவு நேரம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

தீர்வு கடினமில்லை. புகைபோக்கிக்குள் நீர்ச்சூடாக்கியின் அளவுக்கு ஏற்ற உலோக உட்குழாய் ஒன்றை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி உள்ள, பக்கச் சுவரால் புகை விடும் நீர்ச்சூடாக்கிக்கு மாற வேண்டும். உங்களுடையது வாடகைத் தொட்டி என்பதால் உட்குழாய்தான் எளிது.

உங்களிடம் விலை சொன்ன மூவரில் யாராவது அந்தத் தகரக் குழாயைப் பார்த்தார்களா? பேச்சில் அது வந்ததா?

அடுத்தது அளவு. பழைய தகட்டில் உள்ள எண்ணையே திரும்பப் போடுவது வேலை தெரிந்தவர் செய்வதில்லை. ஒழுங்கான வழி வெப்ப இழப்புக் கணக்கு: சுவர், ஜன்னல், கூரைக் காப்பு, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அளந்து, கடுங்குளிர் நாளில் வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று பார்ப்பது. அதற்கு எஃப்280 என்ற கனடியத் தரம் இருக்கிறது. அதைச் செய்து தருமாறு கேளுங்கள்.

நீங்களே சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. சென்ற தை மாதத்தில் மிகக் குளிரான இரவில் உங்கள் ஃபர்னஸ் மணிக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரியுமா? செயலியோடு வேலை செய்யும் தெர்மோஸ்டாட் என்றால் அதில் பதிவு இருக்கும்.

கொன்றைப்பூ | அக்டோபர் 15, இரவு 9.30

ஒருவரும் பார்க்கவில்லை, பேச்சிலும் வரவில்லை. நண்பருக்குத் தெரிந்தவர் வீட்டுக்கே வரவில்லை, படம் அனுப்பச் சொல்லி விலை சொன்னார்.

செயலியில் பார்த்தேன். வெளியே மைனஸ் 20 போன இரவில் மணிக்கு 28 நிமிடம் ஓடியிருக்கிறது. வீட்டுக்குள் 21 பாகை வைத்திருந்தோம்.

நீலச்சுவாலை | அக்டோபர் 15, இரவு 9.50

அப்படியென்றால் கணக்கு எளிது. உங்கள் ஃபர்னஸ் எரிப்பது ஒரு லட்சம் பிடியு, வீட்டுக்குத் தருவது 80 விழுக்காடு, அதாவது 80,000. மணிக்கு 28 நிமிடம் ஓடினால் 80,000இல் 60க்கு 28 பங்கு, ஏறத்தாழ 37,300 பிடியு. ரொறன்ரோவின் கடுங்குளிரிலும் உங்கள் வீட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான். 60,000 பிடியு எரிக்கும் 96 விழுக்காட்டு ஃபர்னஸ் 57,600 தரும். தாராளமாகப் போதும்.

ஒரு லட்சத்தையே திரும்பப் போட்டால் 96,000 வரும். ஐந்து நிமிடம் எரிந்து அணைந்து, திரும்ப ஐந்து நிமிடம் எரியும். முன்னறை வேகும், மூலை அறை விறைக்கும். பழைய வீட்டின் காற்றுக்குழாய் அவ்வளவு காற்றைத் தாங்காமல் இரையும். வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடேறிக் காலத்துக்கு முன்பே விரிசல் விடும்.

தேன்சிட்டு | அக்டோபர் 16, காலை 5.15

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஃபர்னஸ் இல்லை, பாய்லரும் சுவர் ரேடியேட்டர்களும்தான். ஆனால் கதை ஒன்றேதான். இங்கே எரிவாயு வேலை செய்பவர்களுக்குக் கேஸ் சேஃப் என்ற பதிவு. 2009 ஏப்ரல் முதல் அதுதான் சட்டம். வருபவரிடம் அட்டை இருக்கும். பலர் முன்பக்கத்துப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பின்பக்கத்தில்தான் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் தனியாகத் தொழில் செய்பவர்களையே அழைக்கிறார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, விலை சொல்பவரே குழாயை வெட்டுபவராகவும் இருப்பதுதான்.

நீலச்சுவாலை | அக்டோபர் 16, காலை 6.10

தேன்சிட்டு சொன்ன கடைசி வரியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். தனியாளின் பலம் அங்கேதான் இருக்கிறது. வீட்டைப் பார்த்தவர், அளந்தவர், பூட்டியவர், பிழை வந்தால் தொலைபேசியை எடுப்பவர் எல்லாம் ஒருவரே. ஆகவே அவரை அழைத்துப் பார்க்கும்போதே கவனியுங்கள். அளவு நாடாவை எடுக்கிறாரா, காற்றுக்குழாயைத் தட்டிப் பார்க்கிறாரா, வெளியே போய்க் குழாய் எங்கே வரும் என்று பார்க்கிறாரா. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்பவராக இருக்க வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியது: ஃபர்னஸின் மாதிரி எண், பிடியு, புகைபோக்கி உட்குழாய், பழையதை அகற்றும் செலவு, உழைப்புக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், டிஎஸ்எஸ்ஏ பதிவு எண், பொறுப்புக் காப்புறுதி. மதிப்பீட்டை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, நீங்களாகவே புதிய வேலை கேட்டால் தவிர. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, பிரதி கையில் கிடைத்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே நீக்கலாம். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். மீதி, ஃபர்னஸை ஓடவிட்டு அளந்து காட்டிய பிறகு.

பிராம்டன் வாசன் | அக்டோபர் 16, காலை 7.40

ஒரு கேள்வி. ஃபர்னஸுக்குப் பதில், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போடலாமா?

நீலச்சுவாலை | அக்டோபர் 16, காலை 7.55

போடலாம். ஆனால் அதில் குளிரூட்டிக்கான வாயு வேலை வருகிறது, அதற்கு 313ஏ அல்லது 313டி என்ற வேறு உரிமம் வேண்டும். மின்சாரக் கம்பி இழுத்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரும், மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்தலும் வேண்டும். கொன்றைப்பூ அக்காவுக்குக் குளிர் வாசலில் நிற்கிறது. வேகம் மாறும் விசிறி உள்ள ஃபர்னஸாக எடுத்தால் பின்னர் ஹீட் பம்ப் சேர்க்க இடம் இருக்கும். இதைத் தனியாகப் பேசுவோம்.

கொன்றைப்பூ | நவம்பர் 3, இரவு 10.05

வேலை முடிந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லவே வந்தேன்.

டிஎஸ்எஸ்ஏ பட்டியலில் தேடி, நண்பர்களிடமும் விசாரித்து, பிக்கரிங்கில் தனியாகத் தொழில் செய்யும் ஒருவரை அழைத்தோம். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் நின்றார். ஜன்னல்களை அளந்தார். கூரைக்கு உள்ளே ஏறி விளக்கடித்துக் காப்புப் பஞ்சின் கனத்தைப் பார்த்தார். நாங்கள் சொல்லுமுன்னே அந்தத் தகரக் குழாயைக் கையால் காட்டி, "இதற்கு வழி செய்யாமல் நான் ஃபர்னஸைத் தொட மாட்டேன்" என்றார். அந்த நிமிடமே என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 60,000 பிடியு ஃபர்னஸும் உட்குழாயும் சேர்த்து 4,900, எச்எஸ்டியோடு 5,537 டொலர். காசு வேலையைவிட 2,337 கூடுதல். மாதச் செலவுகளை ஒதுக்கித்தான் கொடுத்தோம், மனம் நோகவில்லை.

பூட்டிய நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வெளியே போகும் பிளாஸ்டிக் குழாயில் எஸ்636 என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார். சாதாரண தண்ணீர்க் குழாயை இதற்குப் போடக்கூடாதாம், பசையும் அதே தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டுமாம். குழாய் முழுவதும் ஃபர்னஸ் பக்கமாகச் சரிந்து வருமாறு மட்டம் பார்த்தார், உள்ளே ஊறும் தண்ணீர் தேங்கி உறையாமல் இருக்க. வெளி வாய் பனி குவியும் மட்டத்துக்கு மேலே ஓர் அடி, வாடகைக்காரர் ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி.

கடைசியில் ஃபர்னஸை ஓடவிட்டு, எரிவாயு வால்வில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் பொருத்தி அழுத்தமானியில் பார்த்தார். 3.5 என்று காட்டியது. பிறகு உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்பமானி வைத்து, வித்தியாசம் 52 பாகை பாரன்ஹைட் என்று சொல்லி, ஃபர்னஸின் தகட்டில் 35 முதல் 65 வரை என்று எழுதியிருப்பதை என்னையே வாசிக்கச் சொன்னார். இரண்டு எண்ணையும் திகதியையும் தன் பதிவு எண்ணையும் ஃபர்னஸின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். பத்து ஆண்டு கழித்து யார் திறந்தாலும் அது அங்கே இருக்கும்.

பிறகு என்னிடம், "வீட்டில் ஊதுபத்தி இருக்கிறதா அக்கா?" என்று கேட்டார். சாமியறையிலிருந்து எடுத்து வந்தேன். சமையலறை விசிறியை முழு வேகத்தில் விடச் சொன்னார், உடுப்பு உலர்த்தியையும். சுடுதண்ணீரைத் திறந்து நீர்ச்சூடாக்கியை எரியவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து அதன் தலையில் உள்ள தொப்பிக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தார். புகை நூல் பிடித்தது போல நேராக உள்ளே போனது. அதைப் பார்த்துக்கொண்டே கீழ்வீட்டு அம்மா குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

மழைத்துளி | நவம்பர் 3, இரவு 10.40

மனம் நிறைந்தது. அந்த ஊதுபத்திப் பரிசோதனை அன்று எங்களுக்குத் தெரிந்திருந்தால்!

மானிப்பாயான் | நவம்பர் 4, இரவு 7.25

இன்று பின்னேரம் நானும் கீழே இறங்கினேன். என் நீர்ச்சூடாக்கியிலிருந்தும் தகரக் குழாய் செங்கல் புகைபோக்கிக்குத்தான் போகிறது. 15 ஆண்டாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. ஊதுபத்தியைப் பிடித்தேன். முதலில் புகை உள்ளே போனது. மனைவியிடம் சமையலறை விசிறியை விடச் சொன்னேன். புகை தயங்கி நின்று, பிறகு என் முகத்துக்கே திரும்பி வந்தது. எட்டு நிமிடம் பார்த்தேன். மாறவில்லை.

தம்பி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

நீலச்சுவாலை | நவம்பர் 4, இரவு 7.31

அண்ணா, முதலில் விசிறியை நிறுத்துங்கள். நீர்ச்சூடாக்கியின் திருகை முழுவதும் மூடுங்கள், பைலட் என்ற சிறு சுவாலையிலும் விடாதீர்கள். பேஸ்மென்ட் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அலாரம் அடித்தால் ஒன்றையும் எடுக்காமல் எல்லோரும் வெளியே போய் 911. எரிவாயு மணந்தால் எதையும் கொளுத்த வேண்டாம், விளக்கின் ஆளியையும் தொட வேண்டாம்.

எரிகிற முதல் ஒன்றிரண்டு நிமிடம் புகை திரும்புவது வழக்கம்தான். எட்டு நிமிடத்துக்குப் பின்னும் திரும்புவது அப்படியில்லை. தொட்டி வாடகை என்றால் அந்த நிறுவனத்தின் அவசர எண்ணை இப்போதே அழையுங்கள். சொந்தத் தொட்டி என்றால் பதிவு பெற்ற ஒருவரை அழையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஏஜாக்ஸிலிருந்து வருகிறேன். தலைவலி, குமட்டல் யாருக்காவது இருக்கிறதா?

மானிப்பாயான் | நவம்பர் 4, இரவு 8.10

இல்லை, இருவரும் நலம். திருகை மூடிவிட்டேன். தொட்டி சொந்தம். உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அன்று பூட்டியவனையும் அழைத்தேன். அவனுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இரண்டு நாளில் தானும் வந்து பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்கிறான்.

மானிப்பாயான் | நவம்பர் 7, பின்னேரம் 4.50

உட்குழாய் இறக்கியாயிற்று. நீலச்சுவாலை தம்பி வந்தார், அன்று பூட்டிய பெடியனும் வந்து கயிற்றைப் பிடித்தான். இப்போது அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. விசிறியை முழு வேகத்தில் விட்டு மூன்று தடவை ஊதுபத்தி பிடித்தோம். மூன்று தடவையும் புகை மேலே போனது. மூன்று நாளாக மின்னடுப்பில் தண்ணீர் சுடவைத்து வாளியில் குளித்தோம். இன்று மனைவி குழாயைத் திறந்து நிற்கிறார். பெடியன் தான் 2010இலிருந்து காசுக்குப் பூட்டிக்கொடுத்த வீடுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போயிருக்கிறான். முதல் வீடு இங்கேயே மெக்கோவன் வீதியில்.